செஞ்சியிலிருந்து ரிச்சி தெரு வரை: ஒரு விளையாட்டுக் கணினியின் பாதை

திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வயல்களுக்கு நடுவே உருண்டைப் பாறைகள் குவிந்த குன்றுகள் எழத் தொடங்கும் இடத்தில் செஞ்சி அமைந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சியான இவ்வூர், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கொண்ட கோட்டையால் பெயர்பெற்றது. 1677இல் சிவாஜியின் கைக்கு வந்து, 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கி, 1714இல் தேசிங்கு ராஜன் போரில் மடிந்தபின் ஆற்காட்டு நவாபின் வசமாகி, 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் சென்ற இக்கோட்டை, 2025 ஜூலையில், மராத்தியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரே கோட்டையாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

கோட்டையைக் காண விரும்புவோர் சென்னையிலிருந்து செஞ்சிக்கு வருகிறார்கள். குறைந்த செலவில் ஒரு விளையாட்டுக் கணினியை அமைக்க விரும்பும் செஞ்சி இளைஞரோ அதே சாலையில் எதிர்த்திசையில், சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் புறப்படுகிறார். இணையவழி வணிகம் பரவிய பின்னும் இப்பயணம் நின்றுவிடவில்லை. பழைய பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, ஓடவைத்துச் சோதித்து, விலை பேசி வாங்கும் வாய்ப்பு அங்கே கிடைப்பதே அதற்குக் காரணம். விளையாட்டின் காட்சிகளைக் கணித்துத் திரைக்கு அனுப்பும் உறுப்பு கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டு உள்ளிட்ட எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தருவது மின்வழங்கி, கடை வழக்கில் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவோரில் பலர் கார்டுக்குக் கையிருப்பின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை முடித்துக்கொள்கிறார்கள். இந்த வரிசை ஏன் மாற வேண்டும் என்பதை விளக்கும் காரணங்களில் பாதி செஞ்சியிலேயே இருப்பதால், பேருந்து ஏறுவதற்கு முன்பே அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

முதற்காரணம் சுவரிலுள்ள மின்செருகி. தமிழ்நாட்டு வீடுகளுக்கான ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று வரையறுக்கப்பட்டிருந்தாலும், கிணற்றுப் பாசனம் மிகுந்த வட்டாரங்களில் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும்போது அழுத்தம் தாழ்வதும், சுமை குறைந்த பின்னிரவில் ஏறுவதும் இயல்பானவை. மின்கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, 230 வோல்ட்டுக்கு உரிய வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் நுழையக்கூடும். மின்வழங்கி இந்த மாறுதிசை மின்சாரத்தை வாங்கி, கணினி உறுப்புகள் பயன்படுத்தும் 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் வடிவளவைப் பின்பற்றும் இன்றைய தரமான மின்வழங்கிகள், 100 முதல் 240 வோல்ட் வரையிலான உள்ளீட்டைத் தாமாகவே ஏற்றுக்கொள்வதால், தாழ்வழுத்தத்துக்கென்று தனி ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. மிகையழுத்தம் வந்தால் தன்னை அணைத்துக்கொள்ளவோ, முடியாதபோது தான் எரிந்து மற்றவற்றைக் காக்கவோ வல்லதாக அது கட்டப்பட்டிருக்கிறதா என்பதே அதன் தரத்தை அளக்கும் கேள்வி.

இரண்டாவது காரணம் வெப்பம். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கருங்கல் குன்றுகள் சூழ்ந்த செஞ்சியில் கோடையின் மாலை எளிதில் குளிர்வதில்லை. குளிரூட்டி இல்லாத மாடி அறையின் வெப்பம் 38 பாகையாக இருக்கையில், கணினிப் பெட்டிக்குள் அது இன்னும் கூடும். மின்வழங்கியினுள் அழுத்தத்தைச் சமன்படுத்தும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது மின்னணுவியலில் நெடுநாளாக ஏற்கப்பட்ட கணிப்பு. தரமான நிறுவனங்கள் தங்கள் பொருளின் முழுத்திறனை 40 அல்லது 50 பாகையில் உறுதி செய்கின்றன. மலிவான பொருள்களிலோ அட்டையில் அச்சிட்ட எண் எந்த வெப்பநிலைக்கு உரியது என்ற குறிப்பே இருப்பதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் வந்திறங்கும் பருவத்தில் ஊரெங்கும் பறக்கும் தூசும் இதோடு சேர்கிறது. விசிறியின் இறக்கைகளில் படியும் தூசு காற்றோட்டத்தைக் குறைத்து வெப்பத்தை மேலும் ஏற்றுகிறது.

மூன்றாவது காரணம் மின்தடை. 2012இல் மாநிலம் முழுவதையும் வாட்டிய நீண்ட மின்வெட்டுக் காலம் கடந்துவிட்டாலும், துணைமின் நிலையங்களின் பராமரிப்புக்காக முன்கூட்டி அறிவிக்கப்படும் பகல்நேரத் தடைகள் தொடர்கின்றன. வங்கக் கடலிலிருந்து வரும் புயல்கள் அவற்றைவிடக் கடுமையானவை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவிலான மழை பதிவாயிற்று. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் இருளில் மூழ்கின. மின்சாரம் போவதைக் காட்டிலும் அது விட்டுவிட்டுத் திரும்பி வரும் கணங்களே கருவிகளுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பவை. எனவே மின்செருகியின் மூன்றாவது முனையிலுள்ள எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணைத் தொடுகிறதா என்று ஊர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்வதே வாங்கும் வேலையின் முதற்படி. எர்த் இல்லாத வீட்டில், மிகையழுத்தத்திலிருந்து காக்கும் ஸ்பைக் கார்டு என்னும் கருவியை வாங்குவது பெரும்பாலும் வீண். மிகையழுத்தத்தை வெளியேற்ற அதற்கு வேண்டிய வழிகளில் முதன்மையானது அடைபட்டிருக்கும்.

செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் செஞ்சி வழியாக இணைக்கும் ரயில் பாதைத் திட்டம் ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் இருப்பதால், பயணி பேருந்தில் திண்டிவனம் சென்று, மேல்மருவத்தூர், செங்கல்பட்டு வழியாக, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்குகிறார். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் கிண்டிக்குச் சென்று, மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையம் வரை போனால், அண்ணா சாலையிலிருந்து நடந்தே சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமுள்ள ரிச்சி தெருவை அடைந்துவிடலாம். இந்த நீண்ட வழி ஒரு கணக்கைப் போட்டு முடிக்கப் போதுமான நேரத்தைத் தருகிறது. கணக்கு முடியாமல் தெருவுக்குள் நுழைபவரின் பட்டியலைக் கடைக்காரரின் கையிருப்பே எழுதிவிடும்.

கணக்கு திரையிலிருந்து தொடங்குகிறது. 1920க்கு 1080 என்னும் புள்ளியளவு கொண்ட, 1080பி எனப்படும் சாதாரண மானிட்டருக்கு, அதைவிட நான்கு மடங்கு புள்ளிகளைக் கொண்ட 4கே திரைக்கான கார்டு தேவையில்லை. அடுத்து வாட் கணக்கு. கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டில் செருகப்படும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையின் வழியாக அதிகபட்சம் 75 வாட் பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட்டுக்கும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்திருந்தால், குறைந்த செலவுக் கணினிகள் மூன்று பாதைகளாகப் பிரிவது தெளிவாகும்.

முதற்பாதையில் தனிக் கார்டே இல்லை. செயலியோடு கிராபிக்ஸ் பகுதியும் சேர்ந்தே வரும் ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி, அதன் பின்வந்த 8600ஜி போன்றவை 65 வாட் வகுப்பைச் சேர்ந்தவை. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி விளையாட்டுகளையும் சற்றுப் பழைய விளையாட்டுகளையும் இவை தரத்தைக் குறைத்து ஓட்டிவிடும். இவற்றுக்குத் தனி நினைவகம் இல்லாததால் மதர்போர்டிலுள்ள ராமையே பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே 16 ஜி.பி.யை ஒரே பட்டையாக வாங்காமல் 8 ஜி.பி. பட்டைகள் இரண்டாக வாங்கி, இரு தடங்களிலும் தரவு ஓடச் செய்தால், ஒரு விநாடிக்குத் திரையில் தோன்றும் படங்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியுமளவு உயரும். இப்பாதையைத் தேர்பவரும் மின்வழங்கியில் சிக்கனம் காட்டலாகாது. இன்று நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால், ஈராண்டு கழித்து ஒரு கார்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாதை ரிச்சி தெருவுக்கே உரியது. பெருநிறுவன அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்.பி., லெனோவா மேசைக் கணினிகள் அங்கே துடைத்துப் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டைச் செருகிக்கொள்வதே மிகக் குறைந்த செலவில் தனிக் கார்டை அடையும் வழி. இதற்குப் பொருந்துவன 2019இல் வெளிவந்த 75 வாட் ஜி.டி.எக்ஸ். 1650, 2022இன் ஆர்.எக்ஸ். 6400, 2024இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050இன் 6 ஜி.பி. வகை ஆகியவை, கடைசியாகச் சொன்ன கார்டு 70 வாட்டில் இயங்குவது. ஆர்.எக்ஸ். 6400 நான்கு தடங்களில் மட்டுமே தரவைப் பரிமாறுவதால், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் நான்காம் தலைமுறையை அறியாத பழைய மதர்போர்டில் அதன் வேகம் மேலும் குறையும் என்பதை, விலையைக் கண்டு மயங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வகை அலுவலகக் கணினிகள் பலவற்றில் மின்வழங்கியின் வடிவமும் இணைப்பு முனைகளும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை, திறனும் 180 முதல் 260 வாட் அளவிலேயே நிற்பது. எனவே பிற்காலத்தில் பெரிய கார்டுக்கு மாற விரும்புவோருக்கு இது முட்டுச்சந்து. சேமிப்பு வட்டுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து ஆறு முனையாகவோ எட்டு முனையாகவோ மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கம்பிகள் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன; ஆனால் சாட்டா முனையின் 12 வோல்ட் ஊசிகள் 4.5 ஆம்பியரை, அதாவது 54 வாட்டை மட்டுமே தாங்கக்கூடியவை என்பதால், 150 வாட் கார்டை அவற்றில் தொங்கவிடுவது பிளாஸ்டிக் உருகவும் தீப்பிடிக்கவும் வழிசெய்வதாகும்.

மூன்றாம் பாதை புதிய உறுப்புகளைத் தேர்ந்து அமைப்பது. கிராபிக்ஸ் பகுதி இல்லாத இன்டெல்லின் கோர் ஐ3-12100எஃப் செயலியையும், 2021இல் வெளிவந்த 8 ஜி.பி. நினைவகமுள்ள ஆர்.எக்ஸ். 6600 கார்டையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செயலி உச்ச வேளையில் 89 வாட், கார்டு 132 வாட், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., விசிறிகளுக்குத் தாராளமாக 50 வாட் எனக் கூட்டினால் 271 வாட் வருகிறது. கார்டுகள் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குத் தங்கள் அளவைப்போல் இரு மடங்கை நெருங்கி இழுக்கக்கூடும் என்பதையும், செஞ்சியின் வெப்பத்தையும் சேர்த்து எண்ணினால், நேர்மையான 450 வாட் மின்வழங்கி போதுமானது. 550 வாட் வாங்கினால் அடுத்த கார்டுக்கும் இடமிருக்கும். 115 வாட் ஆர்.டி.எக்ஸ். 4060, 145 வாட் ஆர்.டி.எக்ஸ். 5060, 165 வாட் ஆர்.எக்ஸ். 7600 ஆகியவை இந்த 550 வாட்டுக்குள் அடங்கிவிடும். இன்டெல்லின் 190 வாட் ஆர்க் பி580 கார்டும் அடங்கும். ஆயினும் செயலி கார்டின் நினைவகம் முழுவதையும் ஒருசேர அணுக உதவும் ரீசைசபிள் பார் என்னும் வசதி இல்லாத பழைய மதர்போர்டுகளில் அதன் வேகம் பெரிதும் சரிந்துவிடும். ஆகவே 750 வாட், 850 வாட் என்று மேலே ஏற்றிச் சொல்லப்படும் அறிவுரையும், பெயரற்ற 450 வாட்டே போதும் என்ற அறிவுரையும் ஒருசேரத் தள்ளத்தக்கவை.

ரிச்சி தெரு என்ற பெயரில் அறியப்படும் சந்தை, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு போன்ற பக்கத்துத் தெருக்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. வானொலி உதிரிப்பாகங்களில் தொடங்கிய வணிகம் இன்று சிசிடிவி, மடிக்கணினித் திரை, செல்போன் பேட்டரி எனப் பரந்து, மேல்மாடிகளின் ஒடுங்கிய படிகளுக்கு அப்பால் கணினிக் கடைகளாக நிறைந்திருக்கிறது. ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் சில நூறு ரூபாய் விலையுள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும், நாலாயிரம் ரூபாயை ஒட்டிய விலையுள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும்போது, வேறுபாட்டை அறிய அவற்றின் பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையைப் படிக்க வேண்டும். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ, அதை 12ஆல் பெருக்கிக் கிடைப்பதே கார்டுக்கும் செயலிக்கும் பயன்படும் உண்மையான திறன். நல்ல 550 வாட் மின்வழங்கியில் இப்பெருக்கம் 500 வாட்டைத் தாண்டும், 450 என்று பெயர்சூட்டிய மலிவுப் பொருளிலோ அது 200ஐத் தொடுவதே அரிது.

2004இல் தொடங்கிய 80 பிளஸ் என்னும் சான்று, உள்ளே வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு வீணாகாமல் வெளிவருகிறது என்பதை அளப்பது. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது வெண்கல நிலைக்கு 85 விழுக்காடும் தங்க நிலைக்கு 90 விழுக்காடும் தேவை. இச்சான்று சிக்கனத்தை அளக்குமேயன்றிப் பாதுகாப்பை நேரடியாக அளப்பதில்லை. ஆதலால் மிகையழுத்தம், மிகைமின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கு எதிரான காப்புகள் உள்ளனவா, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் அச்சாகியிருக்கிறதா, வாரண்டி எத்தனை ஆண்டு என்பவற்றையும் உடன் பார்க்க வேண்டும். வாரண்டி பற்றிய கேள்வி சென்னைவாசியைவிடச் செஞ்சிக்காரருக்கு முக்கியமானது. பழுதான பொருளை மாற்ற அவர் மீண்டும் 150 கிலோமீட்டர் வந்து திரும்ப வேண்டும். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் வேலையும் சேர்ந்தால், மலிவுப் பொருளில் மிச்சமான பணத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும்.

பழைய கார்டு வாங்குவோருக்கு 2022 செப்டம்பர் ஒரு திருப்புமுனை. அம்மாதம் 15ஆம் நாள் எத்தீரியம் என்னும் மின்னாணயத்தின் இயங்குமுறை மாறி, கார்டுகளைக் கொண்டு அதை ஈட்டும் வேலை முடிவுக்கு வந்தபின், இரவுபகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைகளுக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் விசிறியின் தாங்குருளை தேய்ந்திருக்கிறதா, திருகுகளில் பிரித்த தடம் தெரிகிறதா, கால் மணி நேரம் முழுச்சுமையில் ஓட்டியபின் திரையில் கோடுகளோ புள்ளிகளோ தோன்றுகின்றனவா என்று கடையிலேயே சோதிக்க வேண்டும். கார்டைப் பழையதாக வாங்கலாம். மின்வழங்கியை அவ்வாறு வாங்கலாகாது, ஏனெனில் அதன் மின்தேக்கிகள் எவ்வளவு களைத்திருக்கின்றன என்பதைக் கடை மேசையில் வைத்துக் கண்டறிய வழியில்லை.

திரும்பும் வழியில் பேருந்தின் குலுக்கலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடையிலேயே பூட்டிய கணினியில் கனமான கார்டைச் செருகியபடியே எடுத்துச்சென்றால், திண்டிவனத்துக்கு அப்பால் வரும் வேகத்தடைகளில் அதன் எடை துளையை நெம்பி முறிக்கக்கூடும்; கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வைத்து மடியிலோ பைக்குள்ளோ கொண்டுவருவதே முறை. ஜி.எஸ்.டி. பில்லும் வரிசை எண்ணும் பொருளோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத் தெருவை விட்டு நீங்குமுன் சரிபார்ப்பது இன்னொரு பயணத்தை மிச்சப்படுத்தும்.

வீடு வந்தபின் எஞ்சியிருப்பது யூ.பி.எஸ். பற்றிய முடிவு. மின்சாரம் நின்ற பிறகும் நல்ல மின்வழங்கி சுமார் 16 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் 16 பங்கு நேரம், தன் சேமிப்பிலிருந்து கணினியை ஓட்டும். அதற்குள் மாற்று மின்சாரம் வந்துவிட்டால் விளையாட்டு தடைபடாது. பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். முறை என்ற தேர்வு இருப்பதும் மாறும் நேரத்தைக் குறைப்பதற்காகவே. மேற்கண்ட 271 வாட் கணினி, 85 விழுக்காட்டுத் திறனில் சுவரிலிருந்து சுமார் 320 வாட் இழுக்கும். மானிட்டரையும் சேர்த்தால் 350 வாட். சந்தையில் பரவலாக உள்ள 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸின் உண்மைத் திறன் ஏறத்தாழ 360 வாட் என்பதால் அது விளிம்பில் நிற்கும், 1000 வி.ஏ. வகையே பொருத்தம். இதே 350 வாட்டில் நாளுக்கு 3 மணி நேரம் விளையாடினால் இரண்டு மாத மின்கணக்கில் 63 யூனிட் கூடும். முதல் 100 யூனிட் இலவசமாக உள்ள தமிழ்நாட்டுக் கட்டண முறையில், இந்தக் கூடுதல் ஒரு சிறு குடும்பத்தை அடுத்த படிநிலைக்கு உயர்த்தப் போதுமானது. எனவே கார்டின் வாட் எண் வாங்கும் நாளோடு முடியாத செலவாகும்.

ராஜகிரியின் மேல் ஏறுவோரின் கண் உச்சியிலேயே நிலைத்திருக்க, எட்டாண்டு முற்றுகையைக் கோட்டை தாங்கியதில் நீருக்கும் நெல்லுக்கும் செய்திருந்த ஏற்பாட்டுக்குப் பெரும்பங்குண்டு என்பது அடிவாரத்துக் களஞ்சியத்தையும் குளங்களையும் சுற்றிவந்தவருக்கே விளங்கும். விளையாட்டுக் கணினி வாங்குவோரின் கண் கார்டின் பெயரிலேயே நிலைத்திருப்பதும் அத்தகையதே. செஞ்சி போன்ற ஊர்களுக்கு உகந்த வரிசை, எர்த்தையும் மின்னழுத்தத்தையும் சோதிப்பது, திரையின் அளவை முடிவு செய்வது, அதற்கேற்ற கார்டின் வாட்டைக் குறித்துக்கொள்வது, ஐந்தாண்டு தாங்கும் மின்வழங்கியைப் புதிதாக வாங்குவது, எஞ்சிய தொகைக்குள் கார்டைத் தேர்வது என்பதாகும். இவ்வரிசைப்படி வாங்கியவரின் கார்டு ஒருபடி தாழ்ந்ததாக அமையலாம். ஒரு விளையாட்டில் நிழல்களின் தரத்தைக் குறைப்பதால் நேரும் இழப்பு அவ்வளவே. தரமான மின்வழங்கி அடுத்த கார்டுக்கும் உதவும். தரமற்றதோ இருக்கும் கார்டையும் எரித்துவிட்டு, வாங்கியவரை மறுபடியும் திண்டிவனம் பேருந்தில் ஏற்றிவிடும்.